கல்மரத்தின் பெயர்

ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயர் அப்பொருளின் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது, அது எதனால் ஆனதோ அந்தப் பருப்பொருளையா, அதன் வடிவத்தையா, அல்லது அது கடந்து வந்த வரலாற்றையா என்பது இந்திய மெய்யியல் மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினாக்களுள் ஒன்று. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இவ்வினாவுக்கு எந்த நூலின் துணையும் இன்றி அன்றாடம் ஒரு விடை சொல்லப்பட்டுவருகிறது. உரித்த நிலையில் பச்சைத்தோல் என்றும், அழுகாதிருக்க உப்பிட்டபின் உப்புத்தோல் என்றும், குரோமிய உப்புக் கரைசலில் ஊறி நீலம் பாரித்தபின் வெட் புளூ என்றும், காய்ந்து இறுதி மெருகுக்குக் காத்திருக்கையில் கிரஸ்ட் என்றும் ஒரே தோலின் பெயர் மாறிக்கொண்டே செல்கிறது. மண்டிக்காரருக்கும் தொழிலாளிக்கும் இதில் குழப்பம் ஏதும் நேர்வதில்லை; ஏனெனில் அப்பெயர்களுள் எதுவும் இறந்துபோன ஆட்டையோ மாட்டையோ குறிப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. கல்லாகிப்போன மரத்தண்டுகளுக்குப் பெயரிடும் தொல்தாவரவியலாரும், அதாவது புதைபடிவங்களிலிருந்து பண்டைத் தாவரங்களை ஆராய்வோரும், ஏறக்குறைய இதே ஒழுக்கத்தை இருநூறு ஆண்டு வாதத்துக்குப் பின்னரே கற்றுக்கொண்டனர்.

இதற்குரிய சான்றுப்பொருள் பாலாற்றங்கரை மலைகளில் கிடைக்காது. வேலூரைச் சூழ்ந்த குன்றுகளின் நைஸ் பாறையும் சார்னோக்கைட்டும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை; நிலத்தின்மேல் தாவரம் தலைகாட்டியதோ 50 கோடி ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான். மரமே இல்லாத காலத்துப் பாறையில் கல்மரத்தைத் தேட இயலாது. அங்கிருந்து தென்கிழக்கே இறங்கி, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையை அடைந்தால், கடலூர் மணற்கல் எனப்படும் இளைய படிவுகளில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமை மதிக்கப்படும் கல்லான அடிமரங்கள் செம்மண் மேட்டில் கிடக்கின்றன. அவற்றைக் காக்க இந்தியப் புவியியல் ஆய்வகம் ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்பை வேலியிட்டுத் தேசியக் கல்மரப் பூங்காவாக வைத்துள்ளது. பிரெஞ்சு இயற்கையாய்வாளர் சோன்னரா 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்வதற்கு முன்பே அவ்வூரில் அவற்றுக்கு ஒரு விளக்கம் இருந்தது: வக்கிரகாளி குடிகொண்ட அத்தலத்தில் வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகளே அவை என்பது வழக்கு. அறிவியல் நோக்கில் இது பிழையே ஆயினும், பிழை எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லாகக் கிடக்கும் இது ஒருகாலத்தில் உயிர் தங்கிய உடம்பு என்னும் முதற்கூற்றில் ஊர் வழக்கு தவறவில்லை. எந்த உடம்பு என்பதில்தான் தவறியது.

திருவக்கரைத் தண்டுகளுக்கு ஒரு தனிக்குறை உண்டு. அவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை. ஆகையால் வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை பெரும்பாலும் இல்லை, இலையும் பூவும் காயும் அறவே இல்லை. உயிருள்ள மரத்தை அடையாளம் காணத் தாவரவியலார் நம்புவது பூவையும் காயையும்; இங்கே எஞ்சியிருப்பது கட்டை மட்டும். அக்கட்டையும் கட்டையாக இல்லை. மண்ணீரில் கரைந்துவந்த சிலிக்கா, அதாவது மணலிலும் படிகக்கல்லிலும் உள்ள அதே பொருள், மரத்தின் உயிரணுச் சுவர்களில் உள்ள செல்லுலோசையும் லிக்னினையும் பற்றிப் படிந்து, முதலில் சுவர்களை ஊடுருவி, பின் உள்வெளிகளை நிரப்பி, காலப்போக்கில் இறுகிப் படிகக்கல்லாயிற்று. மரப்பொருள் அணு அணுவாக வெளியேறிக் கல் அவ்விடத்தில் அமர்ந்ததாகப் பள்ளி நூல்கள் எழுதுவது முழு உண்மையன்று; சுவர்கள் தாமே அச்சாக நின்று கல்லுக்குத் தம் வடிவைக் கொடுத்தன, அச்சின் சிறுபகுதி கல்லுக்குள்ளேயே அகப்பட்டும் கிடக்கிறது.

தோல் பதனிடுதலோடு இதனை ஒப்பிடுவது வெறும் உவமை நயத்துக்காக அன்று. பச்சைத்தோலின் கொலாஜன் என்னும் புரத இழைகளுக்கிடையே ஆவாரம்பட்டையின், கடுக்காயின், பிற்காலத்தில் வேட்டில் பட்டையின் துவர்ப்புப்பொருள் நுழைந்து இழைகளோடு பிணைந்துகொள்வதால் அழுகல் நிற்கிறது. ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே சுருங்கிவிடும் பச்சைத்தோல், குரோமியம் ஏறியபின் கொதிநீரையும் தாங்குகிறது. இரண்டிடத்தும் அயற்பொருள் ஒன்று உள்ளே புகுந்து அழிவைத் தடுக்கிறது, இரண்டிடத்தும் வடிவம் காக்கப்படுகிறது. வேறுபாடு அளவில் உள்ளது: பதனிட்ட தோலில் பழைய இழையே பெரும்பங்கு, கல்மரத்தில் வந்தேறிய கல்லே பெரும்பங்கு. எந்த விகிதத்தைக் கடந்தால் பழைய பெயரின் உரிமை முடிகிறது என்று கேட்டால் வேதியியலிடம் விடை இல்லை. தமிழோ பச்சையையும் பதனிட்டதையும் தோல் என்ற ஒரே சொல்லால் வழங்கிவிட்டு, கல்லானதை மட்டும் கல்மரம் என்று இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டி அழைக்கிறது. அந்த ஒட்டுச்சொல் தயக்கத்தின் விளைவாகவே தோன்றுகிறது, அத்தயக்கம் நியாயமானதும் கூட.

நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இத்தயக்கத்தை நேராக எடுத்துக்கொள்கிறது. பசு என்னும் சொல் தனிப்பொருளைக் குறிக்கிறதா, உறுப்பமைப்பாகிய ஆகிருதியைக் குறிக்கிறதா, எல்லாப் பசுக்களுக்கும் பொதுவான சாதி என்னும் இனத்தன்மையைக் குறிக்கிறதா என்று கேட்டு, மூன்றையும் சேர்த்தே குறிக்கிறது என்று அந்நூல் முடிவு சொல்கிறது. இடையில் மண்ணாற் செய்த பசு ஒன்று வாதத்துக்குள் கொண்டுவரப்படுகிறது: மண்பசு ஒரு தனிப்பொருள்தான், பசுவின் வடிவும் அதற்கு உண்டு, ஆயினும் பசுவுக்கு விதித்த நீர்தெளிப்பு முதலிய சடங்குகளை யாரும் அதற்குச் செய்வதில்லை, ஆகவே அதற்கு இல்லாதது இனத்தன்மை. கல்மரத்தை இவ்வளவுகோலில் வைத்தால் முதற்பார்வைக்கு அது மண்பசுவே. ஆனால் மண்பசுவின் வடிவம் குயவன் கைவழி வந்தது, கல்மரத்தின் வடிவம் வளர்ந்த மரத்தின் வழியே வந்தது. குயவன் அறியாத நரம்பு மண்பசுவில் இராது, எவரும் கண்டிராத உயிரணுவும் கல்மரத்தில் இருக்கும். நியாய ஆசிரியர்கள் எண்ணிப்பாராத ஓர் இடைநிலை இது, அச்சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரைக்கும் அடங்காதது.

சமண மரபே இவ்விடைநிலைக்கு நெருங்கிய கருவிகளை வைத்திருக்கிறது. வேலூருக்கு வடக்கே வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லனின் பெயர் சொல்லும் கல்வெட்டோடு குகையும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் இன்றும் உள்ளன. அம்மரபு அவ்வட்டாரத்துக்குப் புறத்திலிருந்து இரவல் பெற்றது அன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஒரு சொல்லைப் பொருளின்மேல் வைக்கும் முறைகளை நிட்சேபம் என்று அழைத்து நான்காகப் பிரிக்கிறது. தன்மை எதுவும் இல்லாமலே வெறும் அழைப்புக்காக இந்திரன் என்று ஒருவனுக்குப் பெயரிடுவது நாமம். இந்திரன் என்று ஒரு படிமத்தைச் சுட்டுவது தாபனை. இந்திரனாக இருந்தவனையோ இனி ஆகப்போகிறவனையோ அப்பெயரால் சொல்வது திரவியம். இப்பொழுது அந்நிலையிலேயே இருப்பவனைச் சொல்வது பாவம். மண்பசு தாபனை வகையில் பசுவாகும். கல்மரம் மூன்றாவது முறையில், முன்பு மரமாக இருந்தது என்ற வழியில், மரம் எனப்பட உரியது.

இதைவிட நுட்பமானது அந்நூலுக்குப் பூச்சியபாதர் எழுதிய சர்வார்த்தசித்தி உரையில் வரும் பாகுபாடு. சமணர் கருத்தில் மண்ணும் கல்லும் நீரும் கூட ஓரறிவுயிர்களின் உடல்களே. உரையாசிரியர் பிருதிவி என்ற ஒரே சொல்லை நாலு நிலையாக்குகிறார்: பொதுவான மண், உயிர் நீங்கிச்சென்ற மண்ணுடல், உயிர் குடியிருக்கும் மண்ணுடல், அவ்வுடலை எடுக்கப் புறப்பட்டுவிட்ட உயிர். உயிர் போன உடலுக்கும் உயிருள்ள உடலுக்கும் ஒரே பெயரை அவர் அனுமதிக்கவில்லை. இந்நோக்கில் திருவக்கரைத் தண்டு தாவர உயிர் துறந்த உடல். மண்ணுக்குள் கல்லாகிக் கிடந்த காலத்தில் அது மண்ணுயிரின் உடலாகவும் ஆகியிருக்க வேண்டும். உயிருள்ளது உயிரற்றதாயிற்று என்று பிறர் காணும் இடத்தில் சமணன் குடி மாறிய வீட்டைக் காண்கிறான். இக்கொள்கையை ஏற்பதும் விடுவதும் வேறு செய்தி. ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வேண்டும் என்ற அதன் பிடிவாதமே இங்குப் பயன்படுவது.

இனிப் பெயரிடும் தொழிலைப் பார்க்கலாம். கல்மரத்தை வெளியில் நின்று பார்த்து யாரும் இனம் சொல்ல இயலாது. ஸ்காட்லாந்தின் வில்லியம் நிக்கோலும், அவர் ஆக்கிய வெட்டுகளைக் கொண்டு 1831இல் நூல் வெளியிட்ட ஹென்றி விட்டமும் வழக்கப்படுத்திய முறையில், கல்லிலிருந்து சிறு வில்லையை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைக்க வேண்டும். தண்டுக்குக் குறுக்காக ஒன்று, நடுவிலிருந்து புறம் நோக்கிய ஆரத்தின் வழியே ஒன்று, வளையங்களைத் தொட்டுச்செல்லும் நெடுக்குத் தளத்தில் ஒன்று என மூன்று வெட்டுகள் இருந்தால் நீர்க்குழாய்களின் அளவும் அமைப்பும், கட்டையின் ஊடே கிடைமட்டமாக ஓடும் கதிர்த்திசுவின் அகலமும், சுவர்களில் உள்ள குழிகளின் ஒழுங்கும் தெரியவரும். வகைப்பாடு இவற்றின்மேல் நிற்கிறது.

தண்டின் அகத்தைக் கொண்டு தாவரத்தை வகுப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் வயிரம், அதாவது காழ், புறத்தே இருப்பதைப் புல் என்றும் அகத்தே இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. அதனால் தென்னையும் பனையும் மூங்கிலும் எவ்வளவு ஓங்கினாலும் புல்லாகவே எண்ணப்பட்டன. அடுத்து, புல்லுக்குரிய உறுப்புப்பெயர்களும் மரத்துக்குரிய உறுப்புப்பெயர்களும் வேறு வேறு எனப் பட்டியலிடுகிறது. இவ்வகுப்பை நவீன அறிவியலின் முன்னறிவிப்பாகக் கொண்டாடுவோர் உளர்; அது வேண்டாத பெருமை. இலக்கண நூலார் நோக்கியது சொல்வழக்கை. ஆயினும் பனைத்தண்டின் புறவிளிம்பில் நார்க்கற்றைகள் நெருங்கி இறுகியும் நடுவில் தளர்ந்தும் இருப்பதே பனை வகைப் புதைபடிவங்களைப் பிரித்தறிய இன்றும் பார்க்கப்படும் முதற்குறி. தென்னார்க்காட்டுக் கல்மரங்களை ஆராய்ந்த சி. ஜி. கே. இராமானுஜம் 1953இல் அத்தகைய பனைத்தண்டு ஒன்றுக்குப் பாமாக்சைலான் ஆர்க்காடென்சி என்று பெயரிட்டார். பேரினப்பெயர் பனைக்கட்டை என்றும், சிற்றினப்பெயர் ஆர்க்காட்டினது என்றும் பொருள்படும். ஆர்க்காட்டு ஊர் பாலாற்றங்கரையில், தோல் தொழிற்கூடங்கள் நிறைந்த இராணிப்பேட்டைக்கும் மேல்விஷாரத்துக்கும் அருகே உள்ளது. அங்கே கல்மரம் கிடையாது. ஆர் என்னும் ஆத்திமரக் காட்டால் அமைந்த பெயர் என்று ஒரு சாரார் விளக்கும் அவ்வூரின் பெயர், நவாபுகளின் தலைநகராகி, ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டு மாவட்டங்களின் பெயராகி, தெற்கு மாவட்டத்துக் கல்லின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. இன்று அம்மாவட்டப் பெயரும் இல்லை. நாம நிட்சேபத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வாய்ப்பது அரிது.

பேரினப்பெயரின் இறுதியில் வரும் சைலான் என்னும் ஒட்டு கிரேக்கத்தில் கட்டையைக் குறிப்பது. இராமானுஜம் 1956இல் விளக்கிய சில தண்டுகள் டெர்மினாலியாக்சைலான் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டன. டெர்மினாலியா என்பது கடுக்காய், மருது முதலியவை அடங்கும் பேரினம். கல்லில் கண்டதைக் கடுக்காய் இனம் என்றே சொல்லிவிடாமல், கடுக்காய் இனத்துக்குரிய கட்டை போன்ற கட்டை என்று ஓரடி விலகி நிற்கச் செய்வது அவ்வொட்டு. பூவை யாரும் பார்க்கவில்லை, காயையும் பார்க்கவில்லை. கட்டை என்ற அளவில் மட்டுமே இக்கூற்று செல்லும். சமணர் ஒவ்வொரு கூற்றின் முன்னும் வைக்கச் சொன்ன சியாத் என்னும் சொல் செய்வதும் இதுவே: ஒரு நோக்கில், ஓர் அளவில் என்று கூற்றுக்கு எல்லையிடுவது. பலர் அதனை ஐயச்சொல்லாகக் கொண்டு சமணரை எதையும் உறுதியாகச் சொல்லாதவர் என்று பழித்தனர். சைலான் என்ற ஒட்டையும் அறியாமையின் ஒப்புதலாகக் கொள்ளலாம்; உண்மையில் அது எல்லைக்குட்பட்ட உறுதி.

அவ்வெல்லையைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. தென்னார்க்காட்டின் ஊசியிலை இனக் கட்டை ஒன்றுக்கு ஷ்லைடன் 1855இல் பியூசி ஷ்மிடியானா என்று பெயரிட்டார். பியூசி என்பது கண்ட ஊசியிலைக் கட்டைகளை எல்லாம் போட்டுவைத்த கூடை. இலக்னோவின் பீர்பால் சாஹனி 1931இல் அதனை மெசெம்பிரியாக்சைலான் என்ற பேரினத்துக்கு மாற்றினார். தென்திசைக்குரிய கட்டை என்று பொருள்படும் அப்பேரினத்தை ஸீவார்ட் 1919இல் அமைத்திருந்தார். ஆனால் முன்பே முறைப்படி இடப்பட்டிருந்த பொடோகார்ப்பாக்சைலான் முதலிய பெயர்களை அவர் தம் புதுப்பெயருக்குள் விழுங்கவைத்தமையால் அது தேவையற்ற பெயர் என்று பின்னாளில் விதிப்படி தள்ளப்பட்டது. பெயர் மாறியபோதெல்லாம் கல் மாறவில்லை. கல்லைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்ற துணிவே மாறியது.

பெயர்கள் பெருகுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தோல் தொழிலார் அதனை உடனே புரிந்துகொள்வர். நிலக்கரிக் காலத்துப் பெருமரம் ஒன்றின் தண்டு புறத்தோலோடு கிடைத்தால் லெபிடோடெண்ட்ரான்; அதே தண்டின் பட்டை அடுக்குகள் உரிந்து உள்வடிவம் மட்டும் கிடைத்தபோது நோரியா; வேர்ப்பகுதி ஸ்டிக்மேரியா; வித்துக்கதிர் லெபிடோஸ்ட்ரோபஸ். ஒரு மரம், நாலு பெயர். தாவரப் பெயரீட்டுச் சட்டம் இதை ஊழலாகக் கருதவில்லை. புதைபடிவ இனம் என்பது தாய்த்தாவரத்தின் ஏதோ சில உறுப்புகள், ஏதோ சில காப்புநிலைகளில் எஞ்சியவை என்றே அச்சட்டம் வரையறுக்கிறது. உறுப்புக்கு ஒரு பெயர், நிலைக்கு ஒரு பெயர். பச்சை, உப்பு, வெட் புளூ, கிரஸ்ட்.

உறுப்புகள் ஒன்றுசேரும் நாள் வந்தால் பழைய பெயர்கள் பொய்யாகிவிடுமா என்பதே மெய்யியலாளர் கேட்க வேண்டிய வினா. டாசன் 1871இல் பெரணி போன்ற இலைக்கு ஆர்க்கியாப்டெரிஸ் என்றும், சலெஸ்கி 1911இல் ஊசியிலை மரத்தை ஒத்த கட்டைக்குக் காலிக்சைலான் என்றும் பெயரிட்டிருந்தனர். 1960இல் அமெரிக்கரான சார்லஸ் பெக் இரண்டும் ஒட்டியிருக்கும் மாதிரியைக் காட்டினார்: பெரணியைப் போல வித்துத்தூள் விடும், ஆனால் மரம்போலக் கட்டை வைக்கும், அதுவரை எவரும் கற்பனை செய்யாத ஓர் உயிர். இந்தியாவில் சாஹனி 1932இல் இராஜமகால் குன்றுகளின் படிவங்களைக் கொண்டு பக்லாண்டியா இண்டிகா என்ற தண்டையும், டைலோபில்லம் என்ற இலையையும், வில்லியம்சோனியா என்ற பூவையும் ஒரே செடியாக நிறுத்தினார். டைலோபில்லம் இலைகள் வேலூரிலிருந்து சென்னைக்குத் தோல் ஏற்றிச் செல்லும் நெடுஞ்சாலை ஓரத்துத் திருப்பெரும்புதூர்ப் படிவுகளிலும் கிடைப்பவை. ஆனால் ஓர் இலை கிடைத்த இடமெல்லாம் அதே தண்டும் அதே பூவும் இருந்தன என்று சொல்ல உரிமை இல்லை. அதனால்தான் தனித்தனிப் பெயர்கள் இன்றும் வழக்கில் நிற்கின்றன. சமண அளவையியல் பொருளின் ஒரு பக்கத்தை மட்டும் கொள்ளும் அறிவை நயம் என்கிறது; தன்னை முழுமை என்று சாதித்துப் பிறவற்றை மறுக்கும்போது மட்டுமே அது துர்நயம். காலிக்சைலான் என்ற பெயர் நயமாகவே இருந்தது. இக்கட்டை உடையது ஊசியிலை மரமாகவே இருந்தாக வேண்டும் என்ற பழைய முடிவுதான் துர்நயம்.

உயிருள்ளதன் பெயரும் புதைபடிவத்தின் பெயரும் ஒன்றையே குறித்தால், எது முந்தி இடப்பட்டதாயினும் உயிருள்ளதன் பெயருக்கே முதன்மை என்று சட்டம் சொல்கிறது. பாவ நிட்சேபம் திரவிய நிட்சேபத்தை வெல்கிறது எனலாம். ஆனால் ஒரே எழுத்துக்கோவை இரண்டு இனங்களுக்கு இடப்பட்டுவிட்டால் கதை வேறு. இமயமலையில் வளரும் மரம் ஒன்றுக்கும் பக்லாண்டியா என்று பெயர் இருந்தது. 1825இலேயே அப்பெயர் புதைபடிவத் தண்டுக்குப் போய்விட்டதால், 1946இல் உயிருள்ள மரம் எக்ஸ்பக்லாண்டியா என்று பெயர் மாற நேர்ந்தது. செத்த கல்லுக்கு வாழும் மரம் வழிவிட்ட செய்தி இது. தோல் தொழிலின் ஆவாரையும் பெயர்மாற்றத்துக்குத் தப்பவில்லை: லின்னேயஸ் 1753இல் காசியா என்ற பேரினத்தில் வைத்ததை இன்று சென்னா என்ற பேரினத்தில் வைக்கிறார்கள். பட்டையின் துவர்ப்பு அதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெயர் இறுதியில் எதன்மேல் தங்குகிறது என்று அச்சட்டத்திடமே கேட்டால் அது தரும் விடை நியாயத்தின் இனத்தன்மையும் அன்று, சமணரின் திரவியமும் அன்று. ஒவ்வொரு சிற்றினப்பெயரும் வகைமாதிரி என்னும் ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. மற்றவை அதனை ஒத்திருப்பதால் மட்டுமே அப்பெயரைப் பெறுகின்றன. கல்மரத்துக்கு அம்மாதிரி பெரும்பாலும் ஒரு கட்டைத்துண்டும் அதிலிருந்து அறுத்துத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டிய சில வில்லைகளுமே. பெயர் வேண்டுமானால் அறுக்க வேண்டும். திருவக்கரை வேலிக்குள் வெயிலில் கிடக்கும், இன்னும் அறுக்கப்படாத அடிமரங்களுக்கு இலத்தீன் பெயர் எதுவும் இல்லை. அவற்றை இன்றுவரை அழைத்துவருவது கல்மரம் என்ற ஊர்ச்சொல் ஒன்றே.